பழைய புல்லட் மக்கர் பண்ணுகிறதா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஒரு நிமிஷம்!

தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய புல்லட் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் நிறைய உண்டு. விற்க மனசு வராது. ஓட்டவும் நேரம் இருக்காது. பொங்கல் லீவில் ஊருக்கு வரும் பேரன் தூசியைத் தட்டி, பெட்ரோல் ஊற்றி, இருபது கிக் அடித்ததில் சட்டை நனைந்ததுதான் மிச்சமாக இருக்கும். அப்போது தெருவில் போகிற யாராவது ஒருவர் நின்று சொல்வார்: “கார்புரேட்டர் அடைச்சிருக்கும் தம்பி, கழட்டி க்ளீன் பண்ணு.”

அவர் சொல்வது பல நேரம் சரிதான். ஆனால், ‘க்ளீன் பண்ணு’ என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் ஆபத்தும் இருக்கிறது. 40 வருஷம் உழைத்த கார்புரேட்டரை ஒரு குண்டூசியும் தவறான ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரத்தில் கெடுத்துவிடும். சரியாகச் செய்தால் அதே கார்புரேட்டர் பேரனின் பிள்ளைகள் காலம் வரைக்கும் வரும்.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயர் பிறந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூர் அதன் ஊரானது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சி.சி. இன்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் ஓடியது.

ஆரம்ப கால வண்டிகளில் ஆமல் போன்ற இங்கிலாந்து வகைக் கார்புரேட்டர்கள் இருந்தன. பிற்காலத்து 350 புல்லட்டுகளில் பரவலாகக் காணப்படுவது ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பில் வந்த ‘மிக்கார்ப் வி.எம்.24’. காற்று போகும் வழியின் அகலம் 24 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த 24 சொல்கிறது. இங்கே சொல்லப்போவது இந்த வகையை வைத்துத்தான். அந்தக் காலத்து மற்ற வண்டிகளிலும் அடிப்படை ஏறக்குறைய இதேதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

அந்தக் காலத்துக் கொசு மருந்து பம்ப் ஞாபகம் இருக்கிறதா? பின்னால் அமுக்கினால் காற்று வேகமாகப் பாயும்; அந்த வேகத்தில் டப்பாவில் இருக்கும் மருந்து குழாய் வழியே மேலே ஏறிப் புகையாகத் தெளிக்கும். கார்புரேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். இத்தாலிய விஞ்ஞானி வென்ச்சுரி 1797-லேயே திரவங்களை வைத்து விளக்கிய சமாசாரம் இது. அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஏறி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகிறது.

அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுமே, அதே ஏற்பாடு இங்கேயும் உண்டு. அதன் பெயர் ஃப்ளோட்.

1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. காற்று கூடினால் மெக்கானிக் பாஷையில் ‘லீன்’; பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. ட்யூனிங் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டியை நிறுத்துவதுதான்.

கோளாறு எங்கே வருகிறது?

கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகும்போது வண்டி மக்கர் பண்ணுகிறது? கார்புரேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நேரத்தில் டியூட்டி. அதனால், கோளாறு வரும் இடமே குற்றவாளி யார் என்று சொல்லிவிடும்.

ஐட்லிங்கில் நிற்கவில்லை, சிக்னலில் அணைந்துபோகிறது என்றால் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்தான் முதல் சந்தேகம். ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திருகும் வரை இவற்றின் ராஜ்ஜியம். அங்கிருந்து கால் பங்கு வரை, மேலும் கீழும் போகும் ஸ்லைடின் அடியில் உள்ள சரிவான வெட்டு முடிவு செய்யும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை, அதாவது ஊருக்குள் சாதாரணமாக ஓட்டும் நேரமெல்லாம், ஸ்லைடில் தொங்கும் நீடில்தான் பெட்ரோலை அளக்கிறது. அதற்கு மேல் முழுசாகத் திருகும்போது மெயின் ஜெட்.

ஹேண்டில் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தால், எந்தக் கோட்டில் இழுவை குறைகிறது என்பது தெரிந்துவிடும். காசு செலவில்லாத டெஸ்ட் இது.

கார்புரேட்டர் மேல் விழும் வீண் பழி

நல்ல மெக்கானிக்கிடம் போய், “அண்ணே, கார்புரேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “இருப்பா தம்பி, முதல்ல பிளக்கைக் காட்டு” என்பார். காரணம் இருக்கிறது.

சில கிலோமீட்டர் ஓடிவிட்டு வண்டி தானாக அணைகிறதா? டேங்க் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் டேப்பின் சல்லடையில் துரு சேர்ந்தாலும், ஏர் ஃபில்டர் அழுக்கானாலும் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும்.

பழைய புல்லட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டாப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இவை சரியில்லாமல் கார்புரேட்டரில் எத்தனை திருகு திருகினாலும் வீண்.

ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறது என்றால், கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் சூடேறும் முன், அந்த இணைப்பின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால் போதும். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. அந்த இணைப்பின் நட்டுகளை வெறியோடு டைட் வைப்பதால்தான் பல வண்டிகளில் கார்புரேட்டரின் முகம் வளைந்து காற்று புக ஆரம்பிக்கிறது.

இவ்வளவும் சரி, கோளாறு கார்புரேட்டரில்தான் என்று உறுதியானால் மட்டுமே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இடமும் தட்டும்

வேலை செய்யும் இடம் காற்றோட்டமான வெளி இடமாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் பூஜை விளக்கும், கொசுவத்திச் சுருளும், சமையலறை அடுப்பும் அதற்குப் போதும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு உறை, பக்கத்தில் ஒரு வாளி மணல் என்று தயாராக வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும், மணல்தான் உதவும்.

உதிரிகளை வைக்கப் பழைய இட்லித் தட்டைவிடச் சிறந்த சாதனம் இல்லை. குழிக்கு ஒரு சாமான் என்று கழற்றிய வரிசையில் வைத்துக்கொண்டே போகலாம். (அந்தத் தட்டு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது!) ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ. திரும்ப மாட்டும்போது அந்தப் போட்டோக்கள்தான் குரு.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, அடியில் தட்டும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்வது முக்கியம். வண்டி கடைசியாக நன்றாக ஓடியபோது இருந்த கணக்கு அது. தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். நீடிலில் க்ளிப் எத்தனையாவது வெட்டில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குண்டூசிக்குத் தடை

பல மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, கிண்ணத்தின் அடியில் வெல்லப் பாகு மாதிரி ஒரு பிசின் தங்கியிருக்கும். அதுதான் ஜெட்டுகளை அடைக்கிறது. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதற்குள் குண்டூசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பாவம்.

ஜெட் பித்தளை, ஊசி எஃகு. துளையின் விட்டம் 10 சதவிகிதம் பெரிதானால், பெட்ரோல் போகும் பரப்பு 21 சதவிகிதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்மானத்துக்கு அப்புறம், ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் வண்டி கறுப்புப் புகைதான் விடும்.

கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் க்ளீனர் ஸ்பிரேயில் ஊறவிட்டு, காற்றடித்து ஊதினாலே பெரும்பாலான அடைப்பு போய்விடும். பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய தூண்டில் நரம்பு போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, கார்புரேட்டர் உடம்பில் உள்ள சிறு வழிகளை மறந்துவிடுகிறார்கள். ஒரு துளையில் ஸ்பிரே அடித்தால் இன்னொரு துளையில் பீய்ச்ச வேண்டும். அது கண்ணில் படாமல் காக்கத்தான் அந்தக் கண்ணாடி.

ரப்பர் வளையங்களையும் ஃப்ளோட்டையும் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். க்ளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் புளியையோ எலுமிச்சையையோ எடுக்கவும் வேண்டாம். ஜெட் பளபளக்கலாம்; ஆனால், உடம்பு துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு. புளிப்பு அதை அரித்துவிடும்.

ஃப்ளோட் பித்தளையாக இருந்தால் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கலாம். உள்ளே ‘சளக்’ என்று கேட்டால் ஓட்டை. ஃப்ளோட் ஊசியின் கூர்முனையில் வளையம் மாதிரித் தேய்ந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இது வெறும் பெட்ரோல் நஷ்டம் இல்லை. நிரம்பி வழியும் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கினால் ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயிலில் ஓடும் பேரிங்குக்கு ஆயுசு குறைவு. ஆயில் கம்பியை எடுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

ரிப்பேர் கிட் வாங்கினால் ரப்பர்களையும் கேஸ்கெட்டையும் பயன்படுத்திக்கொண்டு, பழைய ஜெட் நல்ல நிலையில் இருந்தால் அதையே மாட்டுவது உத்தமம். ஜெட்டில் பொறித்த எண் ஒன்றாக இருந்தாலும் மலிவான கிட்டுகளில் துளையின் அளவு ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

‘டக்’ என்ற சத்தம்

திரும்ப மாட்டும்போது உயிர் சம்பந்தப்பட்ட கட்டம் ஒன்று உண்டு. ஸ்லைடின் சரிவான வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும்; அதன் பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் சிறு முளையில் சரியாக உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஆக்ஸிலேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம்.

கிக்கர் மேல் கால் வைக்கும் முன், ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகி விட வேண்டும். ஸ்லைடு ‘டக்’ என்று அடியில் விழும் சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி அதே சோதனை. ஸ்டார்ட் ஆன பிறகு ஹேண்டிலைத் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். இதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு எடுக்கவே கூடாது.

ட்யூனிங்: ஒரு நேரத்தில் ஒரு திருகு

குளிர்ந்த இன்ஜினில் ட்யூனிங் செய்வது காய்ச்சல்காரருக்குச் சட்டை அளவெடுப்பது மாதிரி, அளவு நிலைக்காது. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, நிழலில் நிறுத்தி ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏர் ஸ்க்ரூ பழைய கணக்கில் இருக்கட்டும். கணக்கு தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். பிறகு கால் சுற்று வெளியே திருப்பி, சில விநாடி காத்திருந்து கேட்க வேண்டும். மிக்கார்ப்பில் இது காற்றை அளக்கும் திருகு என்பதால், வெளியே திருப்பினால் லீன், உள்ளே திருப்பினால் ரிச். வேறு சில கார்புரேட்டர்களில் இதே மாதிரித் திருகு இன்ஜின் பக்கத்தில் இருக்கும். அது பெட்ரோலை அளப்பது, கணக்கு அங்கே தலைகீழ்.

எந்த இடத்தில் இன்ஜின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ, அங்கே நிறுத்திவிட்டு ஐட்லிங்கைக் குறைக்க வேண்டும். மறுபடி ஒரு முறை. இரண்டு மூன்று தடவையில் வண்டி ஒரு தாளத்துக்கு வந்துவிடும். மூன்று சுற்று வெளியே வந்தும் மாற்றம் இல்லை, அல்லது முழுசாக உள்ளே போனால்தான் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட்டையோ காற்று புகும் இடத்தையோ பார்க்க வேண்டும்.

‘டக்... டக்... டக்...’ என்று எண்ணி எண்ணி அடிக்கும் ஐட்லிங்கில் புல்லட் பிரியர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. வீடியோவுக்கு அழகுதான். ஆனால், இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். சூடான இன்ஜினை அப்படி நீண்ட நேரம் நிறுத்தி வைப்பது அதற்கு நல்லதில்லை.

நடு வேகத்தில் கோளாறு என்றால் நீடில் க்ளிப். இங்கேதான் பலர் குழம்புவார்கள். க்ளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், அது லீன். க்ளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், அது ரிச். ஒரு தடவைக்கு ஒரு வெட்டுதான். க்ளிப், ஏர் ஸ்க்ரூ, ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் அப்படியே.

தீர்ப்பு சொல்வது ஸ்பார்க் பிளக். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் கழற்றிப் பார்த்தால், மசி மாதிரிக் கறுப்பு என்றால் ரிச். சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன். வெளிர் பாக்கு நிறம் என்றால் சரி. இதில் கறுப்பு செலவு வைக்கும். வெள்ளையோ பிஸ்டனையே பிடிக்க வைத்துவிடும். அதை அலட்சியம் பண்ணக் கூடாது.

எத்தனால் காலத்தில்

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் புகையை மோந்து பார்க்கும் சென்சாரும், பெட்ரோல் அளவை மாற்றும் கம்ப்யூட்டரும் உண்டு. பழைய கார்புரேட்டருக்கு அதெல்லாம் தெரியாது. ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான் கொடுக்கும்.

இப்போது பங்க்கில் வாங்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 1 கிலோ எத்தனால் எரிய சுமார் 9 கிலோ காற்றே போதும். அதனால், கலப்பு பெட்ரோலில் அதே ஜெட்டோடு ஓடும் பழைய வண்டி சற்று லீனாகிவிடும். இரண்டு வருஷம் முன்பு சரியாக இருந்த வண்டியின் பிளக் இப்போது வெளுத்திருந்தால், நீடில் க்ளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கிப் பார்க்கலாம். பழைய ரப்பர் வளையங்களும் டியூப்களும் எத்தனாலில் கெட்டிப்படும் அல்லது ஊதும். எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றிவிடுவது நல்லது.

எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். கடலோர ஊர்களில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் போதும். கடைசியாக வீட்டுக்கு வரும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சும் கொஞ்சத்தையும் வடித்துவிட்டால், அடுத்த பொங்கலுக்குப் பாகும் இருக்காது, அடைப்பும் இருக்காது.

ஸ்லைடு தேய்ந்து உள்ளே லொடலொடவென்று ஆடினாலோ, திருகு மரை போயிருந்தாலோ அது வீட்டு வேலை இல்லை. கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் சிக்கனம். அப்போதும் எண்ணி வைத்த சுற்று, க்ளிப் இருந்த வெட்டு, ஜெட் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் வேலை பாதியாகக் குறையும். அந்தச் சீட்டின் நகலை வண்டி ஆர்.சி. புக்கோடு வைத்துவிட்டால், அடுத்து சாவியை வாங்கப்போகிறவருக்கும் உதவும்.

*அடுத்த வாரம்: அம்மீட்டர் முள், டீகம்ப்ரஸர், கிக்... புல்லட்டை உதை வாங்காமல் ஸ்டார்ட் செய்வது எப்படி?*